இன்ஜினுக்குள் ஒரு புருஷன்

“எம் புருஷன் இந்த இன்ஜினுக்குள்ள இருக்கார்.”

இதைச் சொல்வதற்கு முன்பே வந்தவள் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்திருந்தாள். ஒன்று, ரத்த மாதிரிகள் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி. இன்னொன்று, ஒரு முழ நீளத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பொம்மை ரயில் இன்ஜின். ஐஸ் பெட்டியைப் பதமாக வைத்தாள். இன்ஜினைத் தொப்பென்று வைத்தாள்.

“எந்த ஸ்டேஷன்ல ஏறினார்?” என்றான் ஸ்பேனர்.

“வாயை மூடு” என்றார் கிளெய்ம் மேடம்.

கிளெய்ம் மேடத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. ஸ்பேனர் அவருடைய உதவியாளன். நாற்பது தாண்டியவன். முன்பு ரேடியோ, டிவி பழுது பார்த்தான். எந்தப் பெட்டியையும் திறந்து மூடுவான். தன் வாயை மட்டும் மூடத் தெரியாது.

வந்தவளை இருவருக்கும் தெரியும். கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். நோயாளிகள் அவளை ஊசியக்கா என்பார்கள். கை நடுங்காதவள் என்று பெயர்.

“உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“உட்கார நேரமில்ல மேடம். காலையில ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். அறை முழுக்க ரயில். நான் ஊசி குத்தியிருக்கேன், அவர் இன்னொரு கையால ஃபோனைத் தட்டி இதை ஓட்டினார். இது பேசிச்சு.” அவள் இன்ஜினின் வயிற்றுப்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

சக்கரங்கள் சுற்றின. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நீளமாக ஒரு ஊதல். அதன்பின் ஒரு ஆண் குரல், கனமாக, நிதானமாக:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கருங்குதிரை விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடையிலிருந்து புறப்படும்.”

“இது என் வீட்டுக்காரர் குரல். ரயில்வே ஸ்டேஷன்ல பதினாலு வருஷம் அறிவிப்பு சொன்னவர். தூக்கத்துலகூட வண்டி எண் சொல்வார். எட்டு வருஷம் முன்னாடி ஆத்துல விழுந்து செத்துட்டார்.”

“உடல்?”

“கிடைக்கல. பாலத்து மேல சட்டை, செருப்பு, அடையாள அட்டை இருந்துச்சு. நாத்தனார்தான் அடையாளம் காட்டினாங்க. ஸ்டேஷன்ல தானியங்கி மெஷின் வச்சு, இவரைப் பார்சல் ஆபீசுக்கு மாத்தியிருந்தாங்க. வீட்டுல ஒரு மாசம் சுவரையே பார்த்துட்டு இருந்தார். ஒருநாள் சாயங்காலம் நான், ‘மைக்தானே போச்சு, வாயா போச்சு? வேற வேலை பாருங்க’ன்னேன். மறுநாள் ஆளில்ல.” அவள் குரல் உயர்ந்தது. “அந்த ஒரு பேச்சை வச்சு எட்டு வருஷமா என்னைக் கொலைகாரின்னு சொல்றாங்க மேடம். என் பொண்ணு காதுல நாத்தனார் ஓதி ஓதி, பதிமூணு வயசுல, பிள்ளையைக் கேட்டு அவங்க போட்ட கேஸ்ல ஜட்ஜ் கேட்டப்ப அவ ‘அத்தைகூட இருக்கேன்’னுட்டா. மூணு வருஷமா என்கிட்டப் பேச்சில்ல.”

வாசற்கதவு படாரென்று திறந்தது.

“என் இன்ஜின்!”

வெள்ளைத் தலை, சிவந்த முகம், ஒரு கை சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது. முழங்கை மடிப்பில் நீலமாக வீங்கியிருந்தது. அவர்தான் பல் டாக்டர்.

“ஊசியைப் பாதியில பிடுங்கிட்டு, இன்ஜினையும் தூக்கிட்டு ஓடி வந்துட்டா மேடம் இவ! ரெண்டு தெரு துரத்திட்டு வர்றேன்! இது என்ன விலை தெரியுமா? எழுபதாயிரம்!”

“எழுபதாயிரமா?” ஸ்பேனர் இன்ஜினிலிருந்து ஓரடி நகர்ந்தான். “இதுக்குப் பக்கத்துல நிக்கவே டிக்கெட் எடுக்கணும் போலிருக்கே.”

கிளெய்ம் மேடம் நாற்காலியை டாக்டர் பக்கம் தள்ளினார். “உங்க பொருளை யாரும் தின்னுட மாட்டாங்க டாக்டர். எழுபதாயிரத்துக்கு இதுல என்ன இருக்கு? சொல்லுங்க, கேட்கிறேன்.”

கோபமாக வந்த மனிதரைத் தன் இன்ஜினைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும் போலிருந்தது. டாக்டர் உட்கார்ந்தார்.

“வெளியில பாருங்க. எழுபது வருஷம் முன்னாடி தகரத்துல செஞ்ச மாதிரி இருக்கா? அச்சு, ஆணி, பெயின்ட் உரிஞ்ச இடம்கூட அப்படியே. அந்தக் கீறலைக் கம்பெனியே போட்டுத் தர்றான். உள்ள பூரா எலக்ட்ரானிக்ஸ். மேட்டுல ஏறினா மூச்சு வாங்கும், இறக்கத்துல பிரேக் கிறீச்சிடும். ஃபோன்லயே ஓட்டலாம். நிஜமான பழைய இன்ஜின் என்கிட்ட நாலு இருக்கு. எண்ணெய் கசியும், ஷாக் அடிக்கும், பத்து நிமிஷம் ஓடினா படுத்துக்கும்.”

“பழசு மாதிரி இருக்கணும். பழசோட தொந்தரவு இருக்கக்கூடாது.”

“அதேதான்! அதுக்குத்தான் விலை. சும்மா ஓடுறது நாற்பது. ஊதலும் புகையும் சேர்ந்தா ஐம்பத்திரண்டு. ஸ்டேஷன் அறிவிப்பும் வேணும்னா எழுபது. நம்ம பேரையே சொல்ல வைக்கணும்னா அதுக்கு மேல இருபது. இதைச் செய்யறவங்க கடை தொடங்கினது நாலு வருஷம் முன்னாடி. அறிவிப்பு வச்சது போன வருஷம்தான். விலைப்பட்டியல் ஒண்ணையும் நான் தூக்கிப் போடல.”

கிளெய்ம் மேடம் விரல்களை மேசைமேல் தட்டினார். “கருங்குதிரைன்னு நிஜத்துல ஒரு வண்டி ஓடிச்சா?”

“இல்ல. கம்பெனி வச்ச பேரு.”

“அப்ப நாலு வருஷம் முன்னாடி பிறந்த பேரை, எட்டு வருஷம் முன்னாடி செத்தவர் எப்படிச் சொன்னார்?”

ஊசியக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் தலையை ஆட்டினார். “அவசரப்படாதீங்க. அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கான், ‘கணினி உருவாக்கிய குரல்’னு. பழைய டேப் எங்கேயோ கிடைச்சிருக்கும். அதைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா எந்தப் பேரையும் அந்தக் குரல்ல சொல்லும்.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அதான் போல” என்றாள் மெல்ல. “அவர் குரல்தான். ஆனா நடுவுல ஒரு விசில் சத்தம் வருது. அவர் பேச்சுல அது கிடையாது. மெஷின் பண்ணுற கோளாறு போல.”

“ஸ்பேனர்.”

ஸ்பேனர் இரண்டு திருகாணிகளைக் கழற்றி இன்ஜினின் மூடியை எடுத்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் நகமளவு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, தன் சட்டைப்பையிலிருந்த இன்னொன்றை இணைத்து ஓட்டினான். மறுபடி அதே அறிவிப்பு. ‘சற்று நேரத்தில்’ என்ற இடத்தில் காற்று கசிந்தது போல மெல்லிய சீழ்க்கை.

“ஸ்பீக்கர் கோளாறு இல்ல மேடம். ஊதல்ல, பிரேக்ல, வேற எங்கேயும் வரல. ‘ச’ வர்ற இடத்துல மட்டும் வருது.”

கிளெய்ம் மேடம் எழுந்தார். “டாக்டர், கொஞ்சம் இன்ஜினை மறந்துட்டு, நோயாளி பேசறதா நினைச்சுக் கேளுங்க.”

டாக்டர் காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார். மூன்று முறை கேட்டார். நாலாவது முறை, கேட்டவரே அறியாமல் அவருடைய நாக்கு தன் பற்களுக்குப் பின்னால் துழாவியது.

“மேல் வரிசை. முன்னால ரெண்டு பல் இல்ல.”

“அவருக்கு முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருந்துச்சு!” என்றாள் ஊசியக்கா.

“பழைய டேப்பைப் பார்த்துப் பேசற கம்ப்யூட்டர் பல்லோடதான் பேசும்” என்றார் கிளெய்ம் மேடம். “அது யாருக்கும் பல்லைப் பிடுங்காது. உங்க வீட்டுக்காரர் ஆத்துக்குப் போன பிறகு ரெண்டு பல்லை இழந்திருக்கார். அதுக்கப்புறம் மைக் முன்னால நின்னிருக்கார்.”

“செத்தவருக்கும் பல் விழும் மேடம்” என்றான் ஸ்பேனர். “ஆனா விழுந்த பிறகு வண்டி புறப்படுதுன்னு சொல்ல மாட்டார்.”

அழுவாள் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். டாக்டர் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டார். அவள் அழவில்லை. கீழ்த்தளத்துக்குப் போன் போட்டாள். “சாம்பிள் மேல இருக்கு. பதினொரு மணிக்குள்ள மெஷின்ல ஏத்தணும், வந்து எடுத்துட்டுப் போ. நான் இன்னைக்கு லீவு.” போனை வைத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“உயிரோட இருக்கானா?” என்றாள். வந்ததிலிருந்து ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். “எங்க இருக்கான் அவன்?”

கடையின் முகவரி டாக்டருக்கு மனப்பாடம். காரில் இரண்டு மணி நேரத் தூரம். கிளெய்ம் மேடம் ஓட்டினார். ஸ்பேனர் பக்கத்தில். பின்னால் ஊசியக்காவும் டாக்டரும். டாக்டரை யாரும் அழைக்கவில்லை. “எழுபதாயிரத்தை விட்டுட்டு வீட்டுல உட்கார முடியுமா?” என்று அவராகவே ஏறி, இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஒரே ஒருமுறை ஊசியக்கா, “மேடம், இன்னும் கொஞ்சம் வேகமா” என்றாள்.

கடை ஒரு நீளமான கூடம். கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக இன்ஜின்கள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு விலைச்சீட்டு. கூடத்தின் நடுவில் தண்டவாளம் எட்டுப் போட்டிருந்தது. கடைக்காரர் ஒடிசலான ஆள். சட்டைப்பையில் நாலு சின்ன ஸ்க்ரூடிரைவர்கள். ஊசியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு அலமாரியின் முன்னால் நின்றாள். காரில் சொல்லிக்கொடுத்தபடி டாக்டர் பேச்சைத் தொடங்கினார்.

“போன மாசம் உங்ககிட்ட வாங்கினேன். இப்ப என் பேரைச் சொல்ற மாதிரி வேணும்.”

“தாராளமா பண்ணலாம் டாக்டர். இருபது ஆகும்.”

“கம்ப்யூட்டர் குரல்தானே?” என்றார் கிளெய்ம் மேடம்.

“ஆமாங்க. பூரா கம்ப்யூட்டர்.”

“ஒரு சந்தேகம். இந்தக் கீறலை நீங்களே போடறீங்க. இந்தத் துருவை நீங்களே பூசறீங்க. பழசுன்னு காட்ட ஒரு வழியையும் விடல. அந்தக் காலத்து அறிவிப்பாளரே வந்து பேசின குரல்னு போட்டா இன்னும் முப்பது கூட்டி வைக்கலாம். வாங்க மாட்டீங்களா டாக்டர்?”

“ரெண்டா வாங்குவேன்” என்றார் டாக்டர், நிஜமாகவே.

“கேட்டீங்களா? கூட வர்ற விலையை வேண்டாம்னு தள்ளற வியாபாரியை இருபத்திரண்டு வருஷத்துல நான் பார்த்ததில்ல. மனுஷக் குரலை எதுக்குங்க மெஷின் குரல்னு சொல்லி விலையைக் குறைக்கிறீங்க?”

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “என்னங்க நீங்க… இது நிஜமாவே கம்ப்யூட்டர்தாங்க.”

“சரி, விடுங்க. இன்னைக்கே பதிஞ்சு குடுங்க. காத்திருக்கோம்.”

“இன்னைக்கு முடியாதுங்க. அடுத்த வாரம் வாங்க. தொண்டை சரியில்ல.”

கூடத்தில் ஒரு வண்டி மட்டும் எட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“யாருக்கு?” என்றான் ஸ்பேனர். “கம்ப்யூட்டருக்கா? ஐஸ் தண்ணி குடிச்சிடுச்சா?”

கடைக்காரரின் பார்வை அவரை அறியாமல் கூடத்தின் கோடியிலிருந்த ஒரு கதவுக்குப் போய்த் திரும்பியது. அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது. கிளெய்ம் மேடம் அசைவதற்குள் ஊசியக்கா அந்தக் கதவை எட்டியிருந்தாள்.

சின்ன அறை. சத்தம் எதிரொலிக்காமலிருக்க நாலு சுவரிலும் பழைய கம்பளிகள் ஆணியில் தொங்கின. ஒரு மைக், ஒரு கட்டில், ஒரு மின்கேத்தல். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த ஒரு மனிதன் டம்ளரில் வெந்நீர் ஊதிக்கொண்டிருந்தான். நரைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தது, மேல் வரிசையில் முன்னால் கறுப்பாக ஒரு இடைவெளி.

டம்ளர் கீழே விழுந்தது.

“பல் எங்க?” என்றாள் அவள்.

எட்டு வருஷம் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“படியில… விழுந்துட்டேன்.” குரல் கரகரத்தது.

“ஆத்துல விழலையா?”

அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். “உட்காரேன்” என்றான்.

“உட்காரவா வந்தேன்? பத்து நாள் ஆத்தங்கரையில உட்கார்ந்தேன். வலை போட்டுத் தேடினவங்க ஒவ்வொரு தடவை எதையாவது இழுக்கும்போதும் நீதானான்னு பார்த்தேன். ஒருதடவை நாய் வந்துச்சு. ஒருதடவை மெத்தை வந்துச்சு. நீ எங்க இருந்தே?”

“இந்தக் கடைக்காரன் என்னோட படிச்சவன். முதல்லேர்ந்து இவன்கூடத்தான்… எனக்கு மூச்சு முட்டிச்சு. மைக் போன பிறகு அந்த வீட்டுல நான் யாருன்னே எனக்குத் தெரியல. வெளியில போனா எல்லாரும் பாவம்னு பார்த்தாங்க. செத்துடலாம்னுதான் போனேன். சட்டையைக் கழட்டி வச்சேன். குதிக்கத் தைரியம் வரல.”

“திரும்பி வரவும் வரல.”

“அவமானமா இருந்துச்சு.”

“உனக்கு அவமானம்! எனக்கு? என் வாயாலதான் நீ செத்தேன்னு உன் அக்கா தெரு முழுக்கச் சொன்னா. ரத்தம் எடுக்கப் போற வீட்டுல கதவைச் சாத்தினாங்க. ஒருநாள் கூட உனக்கு ஒரு போன் போடத் தோணலையா? ‘அவ பேரைக் கெடுக்காதீங்க, நான் இருக்கேன்’னு நாலு வார்த்தை. ஊரு பேர் தெரியாத வண்டிக்கெல்லாம் பேசறியே, எனக்கு நாலு வார்த்தை பேச முடியலையா?”

வாசலில் நின்ற ஸ்பேனருக்கு நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. கிளெய்ம் மேடம் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம். அவருடைய கண் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே நின்றது. கம்பளியில் குண்டூசியால் குத்தியிருந்தது ஒரு புகைப்படம். இரட்டைப் பின்னல், பச்சை மேல்சட்டை, பள்ளிக்கூடப் புகைப்படங்களில் எல்லாரும் சிரிக்கிற சிரிப்பு.

“இது யாரும்மா?”

ஊசியக்கா திரும்பினாள். பக்கத்தில் போனாள். விரலால் தொடப்போய் நிறுத்தினாள்.

“என் பொண்ணு.” பிறகு, மெதுவாக: “போன வருஷம் வரைக்கும் நீல யூனிஃபார்ம். இந்த வருஷம்தான் பச்சைக்கு மாத்தினாங்க. எதிர்த் தெருவுல நின்னு நான் பார்த்தேன். இந்த போட்டோவை ஒண்ணு குடுங்கன்னு ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டேன். ‘பிள்ளை யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான்’னு சொல்லிட்டா.”

“யாரு சொன்னா?”

“ஆபீஸ் சூப்பரின்டென்ட். என் நாத்தனார்.”

அறையில் கேத்தல் கொதித்தது. கிளெய்ம் மேடம் அந்த மனிதனைப் பார்த்தார்.

“அக்கா எத்தனை நாளா வர்றாங்க?”

அவன் துண்டின் நுனியைத் திருகினான். “மூணாவது மாசத்துலேர்ந்து. நான்தான் லெட்டர் போட்டேன். வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன். அக்கா, ‘வந்தா ஊர் காறித் துப்பும், போலீஸ் வரும், பேசாம இரு, குழந்தையை நான் பார்த்துக்கிறேன்’னா. அவளுக்குக் குழந்தை இல்ல. குழந்தைன்னா உயிரு…”

அவன் முடிப்பதற்குள் ஊசியக்கா மைக்கை அதன் கம்பியோடு பிடுங்கிச் சுவரில் அடித்தாள். கம்பளி சத்தத்தை விழுங்கிவிட்டது. அது அவளுக்குப் போதவில்லை. கேத்தலைத் தூக்கினாள். கிளெய்ம் மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க மேடம்!”

“விடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு யோசிங்க. இவரை இங்க உரிச்சு உப்பு தடவினாலும் உங்க பொண்ணுக்குத் தெரியாது. நீங்க போய்ச் சொன்னா நம்புவாளா?”

“மாட்டா.”

“இவர் வந்து சொன்னா?”

“அத்தை அதுக்கும் ஒரு கதை கட்டுவா.”

“அப்ப அத்தை வாயிலேர்ந்தே வரணும்.” கிளெய்ம் மேடம் கேத்தலை வாங்கிக் கீழே வைத்தார். அவர் குரலில் அதுவரை இல்லாத ஒரு கடுமை வந்திருந்தது. “இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் செத்த மாதிரி நடிச்சவங்க எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். அவங்களுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க ஒரு வெட்கத்துக்காக ஒரு பொம்பளையை எட்டு வருஷம் உயிரோட புதைச்சிருக்கீங்க. எழுந்திருங்க. வண்டியில ஏறுங்க.”

“போலீஸ்…?”

“அது நாளைக்கு. இன்னைக்கு உங்க பொண்ணு.”

திரும்பும் வழியில் பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் டாக்டர், மடியில் இன்ஜினோடு, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எல்லைக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை மட்டும், “ரெண்டு பல்லும் கட்டிடலாம்” என்று முணுமுணுத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலரை மணிக்கு நாத்தனார் வீட்டு வாசலில் கார் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு அரைமணி ஆகியிருந்தது. “நான் சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஸ்பேனர், உனக்கும்தான்” என்றார் கிளெய்ம் மேடம். ஹாரனை இரண்டுமுறை அடித்துவிட்டுப் பின்கதவின் கண்ணாடியை இறக்கினார்.

வீட்டுக் கதவைத் திறந்தது பெண். பச்சை யூனிஃபார்ம் இன்னும் மாற்றவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து, “யாருடி அது?” என்று கேட்டபடி அத்தை அவளைத் தாண்டி வெளியே வந்தாள். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. கார் ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் ஆற்றோடு போன தம்பி. அவள் அலறவில்லை. மயங்கி விழவில்லை. அவளுடைய முகம் சுருங்கியது, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பார்ப்பது போல.

“அறிவு இருக்கா உனக்கு? இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

சொல்லி முடித்த பிறகுதான் பின்சீட்டின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவளை அவள் பார்த்தாள். பிறகுதான் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

மகள் படியிறங்கி வந்தாள். ஜன்னலுக்குள் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். எட்டு வயதில் பார்த்த முகத்தில் நரையும், பல் போன வாயும்.

“அத்தை” என்றாள். “செத்தவங்களை யாராவது திட்டுவாங்களா?”

“உள்ள போ. நான் சொல்றேன், எல்லாம் உன் நல்லதுக்குத்தான்…”

“எத்தனை தடவை சொன்னீங்க? கணக்கு இருக்கா?”

நாத்தனார் கார்ப்பக்கம் திரும்பினாள். ஊசியக்காவைப் பார்த்து விரலை நீட்டினாள். “எல்லாம் இவளாலதான். அன்னைக்கு இவ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா…”

“நிறுத்துங்க” என்றாள் மகள். கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் அத்தை நின்றாள். மகள் ஜன்னலில் கைவைத்துக் குனிந்தாள். “அம்மா சொன்னதாலதான் போனீங்களா?”

அவன் மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். டாக்டரின் மடியிலிருந்த இன்ஜினைப் பார்த்தான். பதினாலு வருஷம் ஊருக்கே கேட்கப் பேசியவன், பக்கத்திலிருப்பவருக்கும் எட்டாமல் சொன்னான்.

“இல்ல.”

“கேட்கல.”

“இல்லம்மா. அவ ஒண்ணும் தப்பாச் சொல்லல. நானாத்தான் போனேன்.”

மகள் நிமிர்ந்தாள். உள்ளே போனாள். ஊசியக்கா காரைவிட்டு இறங்கி வாசற்படிக்கு ஓரடி தள்ளி நின்றாள். படியை மிதிக்கவில்லை. உள்ளே அலமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. நாத்தனார் என்னென்னவோ சொன்னாள்: மூணு வருஷம், காய்ச்சல், பரீட்சை, இராத்திரி முழிப்பு. பாதி உண்மையாகவும் இருக்கலாம். “அதையெல்லாம் பண்ணலன்னு யாரும் சொல்லலம்மா” என்றார் கிளெய்ம் மேடம். “அதைப் பண்ண யார்கிட்டேர்ந்து பிள்ளையை எடுத்தீங்கன்னுதான் கேள்வி.”

மகள் வெளியே வந்தபோது ஒரு தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் ஒரு பெட்டி. முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஊசியக்கா பெட்டிக்குக் கை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை.

“மூணு வருஷமா ஸ்கூல் எதிர்ல நிக்கிறியே, ஒரு தடவையாவது ரோட்டைத் தாண்டி வந்து என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்ல?” என்றாள் கோபமாக.

“பார்த்தியா என்னை?”

“தினமும் பார்த்தேன்.”

ஸ்பேனர்தான் முதலில் அசைந்தான். காரில் வந்தது ஐந்து பேர். இப்போது ஆறாவது ஆள். அவன் முன்கதவைத் திறந்தான். “நீங்க இங்க உட்காருங்க பாப்பா. நான் பஸ்ல வந்துடறேன்.”

“நீங்க இருங்க அண்ணா.”

மகள் கண்ணாடி இறக்கியிருந்த பின்கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். மூன்றாம் மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

“இறங்குங்க. இடம் வேணும்.”

அவன் இறங்கினான்.